செய்யாறும் அதன் பங்காளிகளும்

வந்தவாசியில் இறங்கி "உங்க ஊர் ஆறு எது?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் நான் கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் பாலாறு என்றார். இன்னொருவர் செய்யாறு என்றார். மூன்றாமவர், "ஆறா? எங்களுக்கு ஏரிதாங்க" என்றார். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "சுகநதி இருக்குதே, அத மறந்துட்டீங்களே" என்றார். நால்வர் சொன்னதும் சரிதான் என்று புரிய எனக்கு மூன்று நாள் சுற்ற வேண்டியிருந்தது.

வந்தவாசி என்றால் பள்ளிக்கூடத்துப் பாடம்தான் பலருக்கு நினைவு வரும். 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட்டின் ஆங்கிலேயப் படை லாலியின் பிரெஞ்சுப் படையை இங்கே தோற்கடித்தது; பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார்; தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கனவு அத்தோடு முடிந்தது. கோட்டையின் மிச்சம் இன்றும் இருக்கிறது. ஆனால் நான் சண்டையைத் தேடி வரவில்லை, தண்ணீரைத் தேடி வந்தேன். பொங்கல் முடிந்து ஒரு வாரம். நண்பர் ஒருவரின் இருசக்கர வண்டி, மூன்று நாள் அவகாசம், ஒரு பழைய மாவட்ட வரைபடம். அவ்வளவுதான் ஏற்பாடு.

சுகநதி பெரிய ஆறு இல்லை. மழைக்காலத்தில் சில வாரம் ஓடும், மற்ற நாளில் புல்லும் கருவேலமும்தான். பெயர்தான் என்னை நிறுத்தியது. சுகம் என்றால் வடமொழியில் கிளி. இந்த வட்டாரத்தில் பெய்யும் மழை கிளியாறு வழியாகக் கிழக்கே மதுராந்தகம் ஏரிக்குப் போகிறது. சுகநதி, கிளியாறு இரண்டு பெயரிலும் ஒரே பறவைதான் உட்கார்ந்திருக்கிறது. மதுராந்தகம் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் மறுபடியும் கிளியாறாகப் புறப்பட்டுப் பாலாற்றில் சேரும். லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் இருந்த 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில், உடையவிருந்த அந்தக் கரையை ராமரும் லட்சுமணரும் வில்லேந்தி நின்று காத்ததாகச் சொல்லும் கதைதான் ஏரி காத்த ராமர் கதை. ஆக, வந்தவாசியில் பெய்கிற மழைக்கும் அந்த ராமருக்கும் நேரடி உறவு உண்டு. வந்தவாசிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வந்தவாசியிலிருந்து வடமேற்கே ஆரணிக்குப் போனால் நடுவில் செய்யாற்றைக் கடந்தாக வேண்டும். பெரணமல்லூர்ப் பக்கம் நெல் அறுப்புக்கு நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் ஆறு இருப்பதே தெரியாது. பனை வரிசை ஒன்று குறுக்கே ஓடும், அதுதான் கரை என்று ஊகிக்க வேண்டும். பாலத்தில் ஏறியதும் அகலம் திகைக்க வைத்தது. இந்த அகலத்துக்கும் ஓடிய தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கரையோரமாக முழங்கால் அளவில் ஓர் ஓடை. மற்றதெல்லாம் மணலும் நாணலும். நண்பர் வண்டியை நிறுத்திவிட்டு, "ஆறு செத்துப்போச்சு" என்றார். எல்லாரும் சொல்கிற வார்த்தை அது. நானும் அப்போது தலையாட்டினேன்.

ஆரணி என்ற பெயரை ஆறு அணிந்த ஊர் என்று ஊரார் பிரித்துச் சொல்வார்கள். அணிந்த ஆறு கமண்டல நாகநதி. பட்டுத் தறிகளின் ஊர் இது. பக்கத்துக் களம்பூர் அரிசி ஆலைகளின் ஊர். பட்டும் நெல்லும் ஒரே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை. நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பட்டுக்கு ஏன் ஆறு வேண்டும் என்பதை ஒரு சாயப்பட்டறையில்தான் தெரிந்துகொண்டேன்.

காலை ஆறரை மணி. செம்பு அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது. கச்சாப் பட்டு நூல் தொட்டால் விறைப்பாக, வைக்கோல் மாதிரி இருக்கிறது. புழு தன் கூட்டைக் கட்ட வைத்த பசை அது. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் இறக்கி அந்தப் பசையை நீக்கினால்தான் மினுமினுப்பு வெளியே வரும், சாயமும் ஏறும். நான் பார்த்த சாயக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூங்கில் கோலில் கோத்த நூல் கழிகளைப் புரட்டிப் புரட்டி முக்கினார். கழியின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறு பக்கம் வெளிறியும் போய்விடக்கூடாது. அதனால் கை நிற்கவே இல்லை. விரல் நகங்களில் அரக்குச் சிவப்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

"தண்ணி உப்பா இருந்தா எல்லாம் போச்சு தம்பி. சோப்பு நுரைக்காது. பசை போகாது. சாயம் திட்டுத் திட்டா நிக்கும். எங்க தாத்தா காலத்துல ஆத்துக்குத்தான் தூக்கிட்டுப் போவாங்க. ஆத்து மணல்ல ஊத்து தோண்டி, அந்தத் தண்ணியில அலசுவாங்க. அந்தப் பட்டுக்கு மினுக்கே வேற."

"இப்ப?"

"இப்ப போர் தண்ணி. நல்ல தண்ணிக்கு லாரிக்குச் சொல்லணும்."

சாயம் போன தண்ணீர் எங்கே போகிறது என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வடிகாலைப் பார்த்தார். ஆற்றால் வாழ்ந்த தொழில் ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்ததில் இதுவும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு சின்னப் பட்டறைக்காரரால் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை.

கமண்டல நாகநதி என்பது ஒரு ஆறு இல்லை, இரண்டு. ஒன்று கமண்டல நதி. படவேட்டுக்கு மேற்கே ஜவ்வாது மலையிலிருந்து இறங்குகிறது. ஜமதக்னி முனிவரின் கமண்டலத்துத் தண்ணீர் என்று கதை. அவர் மனைவி ரேணுகாதேவிதான் படவேட்டில் ரேணுகாம்பாளாக இருக்கிறாள். படவேடு ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம். இன்று வாழைத்தோப்புகளின் ஊர். தோப்புக்குள் இறங்கினால் வெயில் காலத்திலும் காற்று ஈரமாக இருக்கும். அதற்கு மேலே செண்பகத்தோப்பு அணை, 2007-இல் திறந்தார்கள். உயரம் 62 அடிக்குச் சற்று மேல், கொள்ளளவு 287 மில்லியன் கன அடி. மூன்று பக்கமும் மலை, நடுவே பச்சைத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போன பிறகு போனால் நீர்க்காகத்தின் குரலைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

மற்றது நாகநதி. வேலூருக்குத் தெற்கே அமிர்திக் காட்டுப் பக்கமிருந்து வருகிறது. பல வருடம் வறண்டு கிடந்த இந்தச் சிற்றாற்றின் பெயர் 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரை வரைக்கும் போனது. காரணம் கணியம்பாடிப் பக்கத்துப் பெண்கள். நூறு நாள் வேலையில் ஓடைகளின் குறுக்கே கல் அணைகள் கட்டினார்கள். ஓடைப் படுகையில் செறிவூட்டுக் கிணறுகள் இறக்கினார்கள். ஓடிப்போகும் மழையைத் தடுத்து மண்ணுக்குள் இறக்குவதுதான் மொத்த யோசனையும். ஆற்றில் தண்ணீர் விடுவதல்ல, ஆற்றுக்குக் கீழே தண்ணீர் விடுவது. இந்த வேறுபாடு எனக்கு முதலில் சின்னதாகப் பட்டது. பயணம் முடிந்தபோது இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

இரண்டாம் நாள் போளூர் வழியாகத் தெற்கே இறங்கினோம். கலசபாக்கத்துப் பக்கம் இன்னொரு பங்காளி வந்து செய்யாற்றில் சேர்கிறது, மிருகண்டா நதி. மேல்சோழங்குப்பத்தில் அதற்கும் ஒரு குட்டி அணை உண்டு. உயரம் 23 அடிகூட இல்லை, கொள்ளளவு 87 மில்லியன் கன அடி. மேற்கே செங்குத்தாக நிற்பது பர்வதமலை. சங்க நூலான மலைபடுகடாம் நவிரம் என்று சொல்வது இந்த மலையைத்தான்.

மலைபடுகடாத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் குறைவு. வர வேண்டும் என்பது என் ஆசை. பத்துப்பாட்டில் 583 அடி கொண்ட நூல். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பரிசு பெற்று வருகிற கூத்தன் ஒருவன் பரிசு தேடிப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிறான்: எந்த மலைச்சரிவில் வழுக்கும், எங்கே பன்றிப் பொறி வைத்திருப்பார்கள், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும். போக வேண்டிய இடம் நன்னன் என்ற மன்னனுடைய செங்கண்மா, அதாவது இன்றைய செங்கம். அங்கே ஓடும் ஆற்றுக்கு நூலில் உள்ள பெயர் சேயாறு. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வழிகாட்டியில் உள்ள மலை, ஊர், ஆறு மூன்றும் இன்றைக்கும் பேருந்துப் பலகையில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இப்படிச் சொல்லக்கூடிய ஆறுகள் எத்தனை?

செங்கத்தைச் சுற்றிய மண்ணில் நடுகற்கள் கொத்துக் கொத்தாகக் கிடைத்தன. தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே போட்டது. பெரும்பாலும் ஆநிரை மீட்டுச் செத்தவர்களுக்கு நட்ட கற்கள். எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலத்துக் கல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள், கள்வரைக் கடித்த நாய். மாடும் மேய்ச்சலும் உயிராக இருந்த நாட்டில் ஆற்றுப்படுகைப் புல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று அந்தக் கற்களே சொல்கின்றன.

செங்கத்துக்கு மேலே குப்பநத்தம் அணை, செய்யாற்றின் குறுக்கே கட்டியது. 59 அடி, 700 மில்லியன் கன அடி. அணைக்கு அப்பால் மலை மூடிக்கொள்கிறது. ஜவ்வாது மலையை இரண்டு ஆறுகள் நடுவே பிளக்கின்றன. அகரம் ஆறு வடக்கே இறங்கிப் பாலாற்றில் சேர்கிறது. செய்யாறு தெற்கே இறங்கிச் செங்கத்தருகே திரும்பி, வடகிழக்காக வளைந்து, அதே பாலாற்றில் வெகுதூரம் கீழே போய்ச் சேர்கிறது. பாகம் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போன அண்ணன் தம்பி கடைசியில் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கிற மாதிரி. சாமை விதைக்கிற மலைக்காட்டில் ஒரு துளி இந்தப் பக்கம் விழுவதா அந்தப் பக்கம் விழுவதா என்பதைப் பொறுத்து அதன் வழி மாறும், சேரும் இடம் மாறாது.

அன்று இரவு செங்கத்தில் தங்கினோம். நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். குப்பநத்தம் 700, செண்பகத்தோப்பு 287, மிருகண்டா 87. செய்யாற்றுக் குடும்பத்தின் மூன்று அணைகளும் சேர்ந்து 1,074 மில்லியன் கன அடி. பக்கத்திலேயே தென்பெண்ணையில் நிற்கும் சாத்தனூர் அணை மட்டும் 7,321. ஆறில் ஒரு பங்குகூட இல்லை! அப்படியானால் செய்யாற்றை நம்பி இத்தனை ஊர் எப்படி நெல் போட்டது? தண்ணீரை எங்கே வைத்திருந்தார்கள்? விடை டீக்கடையிலேயே கிடைத்துவிட்டது, எனக்குத்தான் காதில் ஏறவில்லை. ஏரிகளில் வைத்திருந்தார்கள். மதுராந்தகம் ஏரி ஒன்றின் கொள்ளளவே 694 மில்லியன் கன அடி. ஒரு குப்பநத்தம் அணைக்குச் சமம். இன்னொரு இடமும் உண்டு. அதை மறுநாள்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் ஆற்றோடு இறங்கினோம். காஞ்சி, கடலாடி, எலத்தூர், பூண்டி, குருவிமலை என்று கரையெங்கும் சிவன் கோயில்கள். சப்த கரைகண்டம் என்று ஏழைச் சேர்த்துச் சொல்வார்கள். இந்தக் காஞ்சி பெரிய காஞ்சி இல்லை, செய்யாற்றுக் காஞ்சி. ஆரணிக்குக் கிழக்கே வாழைப்பந்தல், முனுகப்பட்டு பக்கம் வரும்போது கமண்டல நாகநதி வந்து சேர்கிறது. பச்சையம்மன் குடிகொண்ட இடம். அம்மன் திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் மண்ணால் லிங்கம் பிடிக்கத் தண்ணீர் கேட்டாளாம். பிள்ளையார் முனிவரின் கமண்டலத்தைத் தட்டிவிட்டார், அது கமண்டல நதி. முருகன் மலையில் வேலை எறிந்தான், அது சேயாறு. பிள்ளைகள் வரத் தாமதமானதால் அம்மனே பிரம்பால் தரையைத் தட்டினாள், அங்கே ஊற்று வந்தது. இப்படி மூன்று நீர்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது மூன்றாவது நீர்தான். இரண்டு ஆறு மலையிலிருந்து வருகிறது. ஒன்று காலடியிலிருந்து வருகிறது. கதை கட்டியவர்களுக்கு நிலத்தடி நீரும் ஆற்றின் பங்காளிதான் என்று தெரிந்திருக்கிறது.

அங்கே ஆற்றில் ஒரு அம்மா ஊற்று தோண்டிக்கொண்டிருந்தார். மாடு மேய்க்க வந்தவர். கொட்டாங்குச்சியால் முழங்கை ஆழம் மணலை வாரினார். அடியில் மணல் கறுத்தது, பிறகு பளபளத்தது. சுற்றிலுமிருந்து தண்ணீர் கசிந்து குழி கலங்கலாக நிறைந்தது. வாரிக் கொட்டினார். மறுபடி கலங்கல். மறுபடி வாரினார். மூன்றாம் தரம் குழியின் அடியில் கிடந்த ஒவ்வொரு பருக்கையும் எண்ணுகிற மாதிரி தெளிந்தது. "குடிச்சுப் பாருப்பா, பயப்படாத" என்று சொம்பில் மொண்டு கொடுத்தார். குளிர்ச்சி, லேசான இனிப்பு. "முன்னெல்லாம் ஒரு ஜாண் போதும்" என்றார்.

செத்துப்போன ஆற்றில் நான் குடித்த தண்ணீர் அது. பாலத்தில் தலையாட்டியது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. வருடம் முழுதும் மேலே ஓடுவது இந்த ஆற்றின் சுபாவமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வெள்ளத்தை மணலுக்குள் வாங்கிக்கொண்டு மெதுவாக விடுவதுதான் அதன் வேலை. பாலாற்றுச் சமவெளி முழுவதும் இதை நம்பி ஊற்றுக்கால் வெட்டினார்கள். ஆற்றுப்படுகையில் சரிவாக ஒரு வாய்க்கால். மணலில் கசிகிற நீர் அதில் இறங்கி, ஆறு வறண்ட பிறகும் மாதக்கணக்கில் வயலுக்கோ ஏரிக்கோ போகும். மோட்டார் வேண்டாம், அணை வேண்டாம். வருடம் ஒருமுறை ஊர் கூடித் தூர் வாரினால் போதும்.

மணல் இருக்கும் வரைக்கும்தான் இதெல்லாம். லாரி லாரியாக மணல் போன இடங்களில் படுகை ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்டது. படுகை இறங்கினால் ஊற்றுக்காலின் தலை மேடாகிவிடும். ஏரிக்குப் போகும் வரத்துக்கால்வாயின் வாயும் மேடாகிவிடும். அப்புறம் வெள்ளமே வந்தாலும் ஏரிக்குள் ஏறாது. 2021 நவம்பரில் பாலாறும் செய்யாறும் இரு கரை புரண்டன. அத்தனை தண்ணீரும் கண்ணெதிரே கடலுக்குப் போனதைக் கரையில் நின்று பார்த்ததாகச் சொன்ன விவசாயி ஒருவர், தன் ஊர் ஏரி அந்த வருடமும் முழுசாக நிரம்பவில்லை என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

திருவோத்தூரில், அதாவது செய்யாறு நகரில், வேதபுரீசுவரர் கோயிலுக்குப் பனைதான் தலமரம். காய்க்காத ஆண்பனைகளைச் சம்பந்தர் பாடிக் காய்க்க வைத்த தலம். அங்கிருந்து கிழக்கே அனுமந்தண்டலத்தில் ஒரு தடுப்பணை. அதிலிருந்து கால்வாய் வழியாக உத்திரமேரூர் ஏரிக்குச் செய்யாற்றுத் தண்ணீர் போகிறது. உத்திரமேரூர் என்றால் குடவோலை என்போம். பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. அதில் நாம் அவ்வளவாகப் பேசாத ஒன்று, ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஆறு பேர், குடத்தில் ஓலை போட்டு எடுத்தவர்கள், 360 நாள் பொறுப்பு. தேர்தல் முறையைக் கொண்டாடுகிற நாம் அந்தத் தேர்தல் எதற்காக நடந்தது என்பதையும் கொண்டாட வேண்டும். இந்த ஆற்றுத் தண்ணீரைக் கணக்குப் பார்த்து வைக்கவும்தான் ஊர் கூடி ஓலை எழுதியது.

சாயங்காலம் திருமுக்கூடல். பாலாறு, வேகவதி, செய்யாறு மூன்றும் கூடும் இடம். கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயில். வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று சுவரில் இருக்கிறது: ஒரு கல்லூரி, மாணவர் விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை, மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் இன்ன கூலி, இன்னின்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்று அத்தனையும் அதில் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முன் ஓர் ஆற்றுக் கூடலில் இதைக் கட்டியிருக்கிறார்கள் என்றால், அதைச் சுமக்கும் விளைச்சல் இந்தக் கரையில் இருந்திருக்கிறது.

இங்கிருந்து தண்ணீர் பாலாறு என்ற பெயரில் கிழக்கே போகிறது. வழியில் கிளியாறும் வந்து சேரும். வாயலூரில் கடல். டீக்கடையில் பாலாறு என்றவர், செய்யாறு என்றவர், சுகநதி என்றவர், ஏரி என்றவர் நால்வரும் ஒரே தண்ணீரைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வழியில் போக நினைப்பவர்கள் தை மாதத்தில் போங்கள். மாசி பாதிக்கு மேல் மேல்நீர் நின்று மணல் வெளுத்துவிடும். அப்போது போனாலும் பாலத்தின் மேலிருந்து பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். படுகையில் இறங்கி முழங்கை ஆழம் தோண்டிப் பாருங்கள். தண்ணீர் வந்தால் குடியுங்கள். வரவில்லையென்றால், அந்த இடத்து மணல் எங்கே போனது என்று ஊருக்குள் போய்க் கேளுங்கள்.